அப்பாவுக்குப் பார்க்கின்சன், சேர்ந்து உட்கார்ந்து பார்க்க என்ன படம்?

கரையோரம்:

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று உறுதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊரில் எந்தத் தியேட்டரில் எந்தப் படம் எத்தனை வாரம் ஓடியது என்று இன்றைக்கும் சொல்லுவார். இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. கை நடுங்குவதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார மாட்டேன் என்கிறார், மேலெல்லாம் சிந்திக்கொள்வேன் என்று கூச்சம். போன வாரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று, "என்னை மாதிரி ஆளை வச்சு எவனாவது ஒழுங்கா ஒரு படம் எடுத்திருக்கானா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

பார்க்கின்சன்தான் வேண்டும் என்று இல்லை. மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட எந்த நோயானாலும், எந்தக் குறைபாடானாலும் சரி, அதோடு வாழ்கிற மனிதனைப் பற்றி இருக்க வேண்டும். க்ளைமாக்ஸில் கோயில் மணி அடித்ததும் எழுந்து நடக்கிற படம் வேண்டாம். முழு நேரமும் அழவைக்கிற படமும் வேண்டாம், அம்மா தாங்க மாட்டார். சித்தப்பா 'தோழா' போடு என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா 'மூன்றாம் பிறை' என்கிறார். இங்கிலீஷ் படமானாலும் பரவாயில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிடுவேன். எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் சொன்னால் நல்லது.

பழைய_டாக்கீஸ்:

எல்லாரும் சொல்லப்போகிற படத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: 'அவேக்கனிங்ஸ்', 1990, பென்னி மார்ஷல் இயக்கியது. ராபர்ட் டி நீரோ நோயாளி, ராபின் வில்லியம்ஸ் டாக்டர். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தன் நோயாளிகளைப் பற்றி 1973இல் எழுதிய புத்தகம்தான் இதற்கு மூலம். முதல் உலகப் போர் காலத்தில் தொடங்கி 1920களிலும் உலகம் முழுக்க ஒரு மூளை அழற்சி நோய் பரவியது. அதில் பிழைத்தவர்களில் பலர், நன்றாகி வேலைக்கெல்லாம் போன பிறகு, வருடங்கள் கழித்து மெல்ல மெல்ல அசைவும் பேச்சும் நின்று அப்படியே உறைந்துபோனார்கள். நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் உள்ள பெத் ஏபிரகாம் மருத்துவமனையில் அப்படிப் பல பத்தாண்டுகளாகக் கிடந்தவர்களுக்கு 1969இல் சாக்ஸ் எல்-டோபா என்ற புது மருந்தைக் கொடுத்தார். எழுந்தார்கள், பேசினார்கள், நடந்தார்கள்.

உங்கள் அப்பா தினமும் போடுகிற மாத்திரையும் பெரும்பாலும் அதே லெவோடோபாதான், கூடவே அது வழியில் வீணாகாமல் மூளைக்குப் போய்ச் சேர உதவுகிற கார்பிடோபா என்ற மருந்தைச் சேர்த்திருப்பார்கள். அதனால் இந்தப் படம் அவருக்கு வெறும் கதையாக இருக்காது, தன் மாத்திரை டப்பாவின் பூர்வகதையாக இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. படத்தின் இரண்டாம் பாதியில் மருந்து கைவிடுகிறது. டி நீரோவின் உடம்பு தன்னிச்சையாகத் துள்ளத் தொடங்குகிறது, முகம் இழுத்துக்கொள்கிறது, அந்த நிலையிலும் டாக்டரிடம் கேமராவை நிறுத்தாதே, என்னைப் பார்த்துக் கற்றுக்கொள் என்கிறார். எந்த நடிகருக்கும் இது ஒரு பெரிய காட்சி. ஆனால் நேற்று மாத்திரை அளவைக் கூட்டிவிட்டு வந்த ஒருவர் அதைப் பார்த்தால் ராத்திரி தூங்க மாட்டார். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அவர்களுக்கு வந்தது மூளை அழற்சிக்குப் பின்னால் வந்த பார்க்கின்சன் நிலை, சேதம் மிக அதிகம், பல வருடம் எந்த மருந்தும் இல்லாமல் இருந்தவர்கள், கார்பிடோபா சேர்த்துக் கொடுக்கிற வழக்கமும் அப்போது வந்திருக்கவில்லை. இன்றைக்கு மாத்திரையால் பல வருடம் ஓரளவு நன்றாக இருக்கிறவர்கள் எக்கச்சக்கம் பேர். அந்தத் துள்ளல் இப்போதும் சிலருக்கு வருகிறதுதான், ஆனால் அளவையும் நேரத்தையும் மாற்றிச் சமாளிக்கிறார்கள்.

இன்னொன்று, அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதில் டாக்டராக வந்த ராபின் வில்லியம்ஸுக்கே 2014இல் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். சில மாதத்தில் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில்தான் அது லூயி பாடி என்ற மூளை நோய் என்று தெரிந்தது. எனக்கு அதற்கப்புறம் அந்தப் படத்தை முன்போலப் பார்க்க முடியவில்லை.

நடைமேடை:

நான் இயன்முறை சிகிச்சையாளர், பிசியோ என்றால் புரியும். மேலே அண்ணன் 'அவேக்கனிங்ஸ்' பற்றிச் சொன்னதில் அழுகைக் காட்சியை மட்டும் சொல்லிவிட்டார், எனக்கு அதில் பிடித்தது வேறு இடம். லூசி என்று ஒரு பாட்டி ஜன்னலை நோக்கி நடப்பார், பாதியில் நின்றுவிடுவார். ஏன் என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்வார். தரையில் கட்டம் கட்டமாக இருக்கிற டைல்ஸ் அந்த இடத்தோடு முடிந்துபோகிறது, அதுதான் விஷயம். டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்து மீதித் தரையிலும் கட்டங்களை வரைவார்கள், பாட்டி நடந்து போய்விடுவார்.

இது சினிமாவுக்காகச் செய்த வித்தை இல்லை. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வாசற்படியிலும், திரும்புகிற இடத்திலும், பாத்ரூம் நுழைவிலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். "நடங்கப்பா" என்று பின்னால் இருந்து கத்தினால் இன்னும் மோசமாகும். தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டுங்கள் என்றால் பலருக்குக் கால் எழும்பும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் வரும், தாளமுள்ள பாட்டுப் போட்டால் வரும். அப்பா சினிமாப் பிரியர் என்கிறீர்கள், அவர் காலத்து குதிரைவண்டிப் பாட்டு ஏதாவது ஒன்றைப் போட்டு ஹாலில் நடக்கவிட்டுப் பாருங்கள், நான் சொன்னது புரியும். (டேப்பை எங்கே, எவ்வளவு இடைவெளியில் ஒட்டுவது என்று உங்கள் ஊர் பிசியோவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.)

நான் முதலில் போடச் சொல்வது 2023இல் வந்த ஆவணப்படம், 'ஸ்டில்: எ மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் மூவி'. டேவிஸ் குகன்ஹைம் எடுத்தது. ஃபாக்ஸ் ஹாலிவுட்டில் உச்சத்தில் இருந்தபோது, 1991இல், 29 வயதில் பார்க்கின்சன் என்று தெரிந்தது. இடது கைச் சுண்டுவிரல் நடுங்கியதுதான் ஆரம்பம். ஏழு வருடம் வெளியே சொல்லவில்லை. கேமரா முன்னால் இடது கையில் எப்போதும் ஒரு பேனா, ஒரு ஃபோன், ஒரு பேப்பர் என்று எதையாவது பிடித்துக்கொண்டே நடித்திருக்கிறார். அந்தப் பழைய காட்சிகளை வரிசையாக வெட்டி ஒட்டிக் காட்டும்போது, ஊர் உலகமே பார்த்துச் சிரித்த ஒரு மனிதன் அத்தனை நாளும் கையை மறைத்துக்கொண்டிருந்தது தெரியும். மாத்திரை வேலை செய்கிற நேரத்துக்குள் ஷூட்டிங்கை முடிக்கக் கணக்குப் போட்டதையும் அவரே சொல்கிறார். 1998இல்தான் வெளியே சொன்னார்.

பந்தியில் உட்காராத அப்பா இதைத்தான் பார்க்க வேண்டும். நடுத்தெருவில் விழுவார், எழுவார், உடனே ஒரு ஜோக் அடிப்பார். அவருடைய பிசியோ பக்கத்திலேயே "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவார், இவர் கேட்கவே மாட்டார். என்னிடம் வருகிற எல்லாரும் அப்படித்தான்.

'தோழா' பற்றி: பார்க்கலாம், ஜாலியாக இருக்கும். 2011இல் வந்த பிரெஞ்சுப் படத்தின் தழுவல். அதற்கு மூலமான நிஜ மனிதர் 1993இல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், அதாவது அடிபட்டது தண்டுவடத்தில். ஆனால் அந்த வீட்டில் கார், மாளிகை, நர்ஸ், சம்பளத்துக்கு ஆள். நம் வீட்டில் அந்தக் கார்த்தி வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்வது அம்மா. அதை உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

கரையோரம்:

அந்த டைல்ஸ் விஷயம் படித்ததும் எழுந்து போய் பாத்ரூம் வாசலைப் பார்த்தேன். அப்பா தினமும் நிற்கிற இடம் அதேதான். இதுவரை பயத்தில் நிற்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கேள்வி. டாக்டர் ஒருவர் பேச்சுவாக்கில், பின்னாளில் மறதியும் வரலாம் என்றார். வராமலும் போகலாமாம். அம்மா அதிலிருந்து அப்பா சாவியை எங்கே வைத்தார் என்று தேடினாலே பதறுகிறார். மறதி நோயை வைத்து எடுத்த படங்களை இப்போது பார்க்கலாமா, தள்ளிப்போடுவதா?

நள்ளிரவுக்_காபி:

மாமியாருக்கு அல்சைமர், நான்தான் பார்த்துக்கொண்டேன், அவர் இப்போது இல்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: அப்பாவோடு சேர்ந்து வேண்டாம். நீங்கள் மட்டும் பாருங்கள், அதுவும் நல்ல ஆரோக்கியமான மனநிலையில் இருக்கிற நாளில்.

பார்ப்பதென்றால் 'தி ஃபாதர்', 2020. ஃப்ளோரியான் ஜெல்லர் தான் எழுதிய நாடகத்தைத் தானே படமாக எடுத்தார். ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு 83 வயதில் ஆஸ்கார் கிடைத்தது இதற்குத்தான். மறதி நோயை வெளியில் இருந்து பார்க்காமல் உள்ளே இருந்து எடுத்திருப்பார். ஒரு காட்சியில் மகள் ஒரு முகத்தில் வருவாள், அடுத்த காட்சியில் வேறு நடிகை வந்து நான்தான் உன் மகள் என்பாள். வீட்டில் சாமான்கள் மாறிக்கொண்டே இருக்கும், இது யார் வீடு என்று நமக்கே குழம்பும். தன் கைக்கடிகாரத்தைத் திருடிவிட்டார்கள் என்று கிழவர் சொல்லிக்கொண்டே இருப்பார். என் மாமியார் வளையலைத் திருடிவிட்டாய் என்று என்னைச் சொன்னார், அதையும் சொந்தக்காரர்கள் முன்னால். படத்தைப் பார்த்த பிறகுதான், அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த உலகத்தில் அந்த வளையல் உண்மையிலேயே காணாமல் போய்விட்டது என்று உறைத்தது. கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் அத்தனை சண்டை போட்டிருக்க மாட்டேன்.

தமிழில் என்றால் '60 வயது மாநிறம்', 2018, ராதாமோகன். கன்னடத்தில் அனந்த் நாக் நடித்த படத்தின் மறு ஆக்கம். பிரகாஷ்ராஜ் நன்றாகச் செய்திருப்பார். காணாமல் போன அப்பாவைத் தேடுகிற மகனுக்கு அப்போதுதான் அப்பா யார் என்றே தெரியவரும், அந்தப் பகுதி அருமை. நடுவில் ரவுடி, கொலை என்று ஒரு கதை ஓடும், அது எனக்கு ஒட்டவில்லை. காணாமல் போவதே போதுமான பயங்கரம், அதற்கு மேல் துப்பாக்கி எதற்கு? இதே மாதிரி காணாமல் போகிற அப்பாதான் மராத்தியில் 'அஸ்து', 2013. ஓய்வு பெற்ற சமஸ்கிருத அறிஞர் ஒரு யானை பின்னாலேயே போய்விடுவார். அதில் நடித்த மோகன் அகாஷே நிஜத்தில் மனநல மருத்துவர். அவ்வளவு படித்த மனிதர் யானையைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரிப்பதில் துளி நடிப்பு தெரியாது.

'ஸ்டில் ஆலிஸ்' (2014) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஜூலியான் மூர். அந்தப் படத்தை விட அது எடுக்கப்பட்ட விதம்தான் எனக்கு ஆச்சரியம். இரண்டு இயக்குநர்களில் ஒருவர் ரிச்சர்ட் கிளாட்சர். அவருக்கே நரம்புகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய், பேச்சு போய்விட்டது. ஐபேடில் தட்டி, அது பேச, அப்படித்தான் இயக்கினார். மூருக்கு ஆஸ்கார் கிடைத்த சில வாரங்களில் இறந்துபோனார்.

இயக்குநர் ஹானெகேயின் 'அமூர்' படத்தை மட்டும் இப்போதைக்கு எட்டியும் பார்க்காதீர்கள். பக்கவாதம் வந்த மனைவியைப் பார்த்துக்கொள்கிற வயதான கணவர். பொய்யே இல்லாத படம், அதனால்தான் சொல்கிறேன். முக்கியமாக அம்மா கண்ணில் படவே வேண்டாம்.

ஐந்து_நிமிடம்:

நான் வலிப்பு நோய்க்காரன், பள்ளிக்கூட நாளில் இருந்து. எங்கள் ஆட்களைத் தமிழ் சினிமா நடத்தியதைப் பற்றி யாரும் பேசாததால் வந்தேன். வலிப்பு வந்தால் நம் படத்தில் என்ன செய்வார்கள்? சாவிக்கொத்து. கூட்டத்தில் ஒருவன் ஓடி வந்து கையில் இரும்பைத் திணிப்பான், உடனே நின்றுவிடும். நிற்பதற்குக் காரணம் இரும்பு இல்லை அய்யா, பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அதைப் பார்த்து வளர்ந்த ஒரு மொத்த ஊரே என் கையில் அரிவாள்மனையைக் கூட வைத்திருக்கிறது, மிகைப்படுத்தவில்லை. செய்ய வேண்டியது: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதை ஒரு ஹீரோ ஒரு படத்தில் செய்து காட்டினால் போதும், ஆயிரம் போஸ்டர் செய்யாததைச் செய்யும்.

சினிமா மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான் இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையான நிலைகளில் ஒன்றாக வலிப்பையும் எழுதி வைத்திருந்தார்கள், 1999இல்தான் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போகும்போது மாத்திரையை ஒளித்து வைக்கிற பழக்கம் அதற்கப்புறமும் போகவில்லை.

நல்லதும் சொல்கிறேன். என் கணக்கில் தமிழில் மூளையைப் பற்றி வந்த ரொம்ப நேர்மையான படம் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012). சிரிப்புப் படம் என்று ஒதுக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் ஆடி விழுந்து தலையில் அடி, கடைசிக் கொஞ்ச காலம் மட்டும் நினைவில் இல்லை, காதலித்த பெண்ணையே தெரியவில்லை. நிஜமாக நடந்தது. நடந்தது யாருக்கு என்றால் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே, பிற்பாடு '96' எடுத்தவர். தலையில் அடிபட்டவர்கள் அப்படித்தான் கேட்ட கேள்வியையே அதே வரிசையில், அதே குரலில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், பழைய விஷயமெல்லாம் சரியாகச் சொல்வார்கள். பாட்டு, ஃப்ளாஷ்பேக், இரண்டாவது அடி பட்டு நினைவு திரும்புகிற கூத்து எதுவும் கிடையாது. உங்கள் அப்பாவோடு தாராளமாகப் பார்க்கலாம், வயிறு வலிக்கச் சிரிப்பார்.

'கஜினி'யையும் சொல்லியாக வேண்டும். படம் மசாலா, சரி. ஆனால் புது நினைவே பதியாத அந்த நிலை பற்றி மருத்துவ உலகம் இவ்வளவு தெரிந்துகொண்டது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால். 1953இல் அவருக்கு மூளையில் இரண்டு பக்கமும் ஒரு பகுதியை எடுத்தார்கள். எதற்கு? வலிப்பு நிற்பதற்கு. அதற்கப்புறம் 2008இல் சாகிறவரை புதிதாகப் பார்த்த யாரையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆள்தான் அவரும். அவர் யாரையும் பழிவாங்கவில்லை, உடம்பில் பச்சை குத்திக்கொள்ளவில்லை, அரை நூற்றாண்டாக வந்து போன ஆராய்ச்சியாளர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்னார்.

குட்டிம்மாவின்_அம்மா:

என் மகளுக்கு மூளை முடக்குவாதம், செரிப்ரல் பால்சி. 'பேரன்பு' பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். ராம் இயக்கியது, 2018இல் ராட்டர்டாம் விழாவில் காட்டினார்கள், தியேட்டருக்கு 2019இல் வந்தது. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்த அப்பா திரும்பி வருகிறார், மனைவி போய்விட்டாள், மகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவளைச் சிரிக்கவைக்க மம்மூட்டி வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஆடிப் பாடி, குரைத்து, என்னென்னவோ செய்து தோற்றுப்போவார். அந்த இடத்தில் என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அதில் யாரும் அதற்கு முன் தொடாத விஷயம், அந்தப் பெண் பெரியவளாகிறாள். நாப்கின் யார் மாற்றுவது? ஆண் மாற்றலாமா? எங்கள் மாதிரி அம்மாக்கள் ஒன்றுகூடினால் இதைத்தான் முதலில் பேசுவோம், சினிமாவில் அதுவரை யாரும் பேசவில்லை. அவள் உடம்புக்கும் ஆசை இருக்கிறது என்று காட்டியபோது தியேட்டரில் சிலர் நெளிந்தார்கள். நெளியட்டும். ஆனால் அந்தக் குழந்தையின் பக்கம் இருந்து படம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது என் குறை. எல்லாம் அப்பாவின் துயரம், அப்பாவின் குரல். இந்தியில் 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா' (2014) பாருங்கள், அதில் செரிப்ரல் பால்சி உள்ள பெண்ணே கதை. காலேஜ் போவாள், பாட்டு எழுதுவாள், காதலிப்பாள், அம்மாவிடம் பொய் சொல்வாள். பொய் சொல்லுகிற அந்த இடத்தில் என் மகள் கைதட்டினாள்.

இன்னொரு புகாரும் இருக்கிறது. இரண்டு படத்திலும் நடித்தவர்களுக்கு அந்தக் குறைபாடு இல்லை. 'மை லெஃப்ட் ஃபுட்' (1989) எடுத்தபோது டேனியல் டே லூயிஸ் ஷூட்டிங் முழுக்கச் சக்கர நாற்காலியை விட்டு இறங்காமல், மற்றவர்கள் ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாராம், ஆஸ்காரும் வாங்கினார். அவர் பெரிய நடிகர், மறுக்கவில்லை. ஆனால் படம் முடிந்ததும் இறங்கி நடந்து போனார் இல்லையா. 'பிரேக்கிங் பேட்' தொடரில் மகனாக வருகிற ஆர்ஜே மிட்டேவுக்கு நிஜமாகவே செரிப்ரல் பால்சி, கதையில் அவனுடைய ஊன்றுகோலுக்குத் தனியாக ஒரு சோகப் பின்னணி இசை கிடையாது, காலைச் சாப்பாட்டு மேசையில் இருப்பான், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மேலே ஜோக் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு சினிமா வழக்கில் இதைத்தான் பிரித்துச் சொன்னது: குறைபாடு உள்ளவர்களை மட்டம் தட்டுகிற நகைச்சுவை வேறு, அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வைக்கிற நகைச்சுவை வேறு. திக்குவாய், ஊமை பாஷை என்று நாம் சிரித்துத் தீர்த்த பழைய காமெடி டிராக்குகளை இப்போது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, சேனலை மாற்றிவிடுகிறேன்.

அட்டைக்காரன்:

என் மாமாவுக்கு மோட்டார் நியூரான் நோய், பேச்சு போய்விட்டது, கண் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அதனால் எனக்கு ஒரே படம்தான். பிரெஞ்சு, 'தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃப்ளை', 2007. 'எல்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான்-தொமினிக் போபி, 1995 டிசம்பரில் பக்கவாதம் வந்து மொத்த உடம்பும் நின்றுபோய், அறிவு மட்டும் முழுசாக உள்ளே இருக்கிறது. இடது கண் இமை ஒன்றுதான் அசையும். எதிரே உட்கார்ந்தவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார், அதிகம் வருகிற எழுத்து முதலில் வருகிற மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள், வேண்டிய எழுத்து வந்ததும் கண் சிமிட்டுவார். அப்படியே ஒரு புத்தகம் எழுதினார். அது வெளிவந்து இரண்டு நாளில் இறந்தார். படத்தின் ஆரம்பம் முழுக்க அந்தக் கண்ணுக்குள் இருந்துதான் கேமரா பார்க்கும், வலது கண்ணைத் தைத்து மூடுவது உட்பட.

படத்தைப் பார்த்துவிட்டு மாமாவுக்கு அட்டை செய்தோம். 26 எழுத்து என்றால் வரிசையாகச் சொல்லிவிடலாம், நமக்கு 247 ஆயிற்றே. ஒரு அட்டையில் மெய் வரிசை, இன்னொன்றில் உயிர். முதலில் க, பிறகு ஆ என்றால் கா. வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. மாமா முதன்முதலாகச் சொன்ன வார்த்தை "காபி", அடுத்து "சர்க்கரை கம்மி".

பழைய_டாக்கீஸ்:

'மூன்றாம் பிறை'யை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். மருத்துவம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். விபத்தில் அடிபட்ட இளம்பெண் சின்னக் குழந்தை ஆகிவிடுவதும், வைத்தியர் பச்சிலையில் மீட்பதும் சினிமா நோய், சினிமா மருந்து. ஆனாலும் 1982இல் பாலுமகேந்திரா எடுத்தது நோயாளியைப் பற்றிய படமே இல்லை என்பது என் கட்சி. பார்த்துக்கொண்டவனைப் பற்றிய படம் அது. இத்தனை நாள் ஊட்டி வளர்த்தவனை அவள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்து, யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். நள்ளிரவுக்_காபி அக்காவுக்கு நான் சொல்வது புரியும்.

நள்ளிரவுக்_காபி:

புரிகிறது தம்பி. ஆனால் ரயில் கிளம்பியதும் அவன் கதை முடிந்துவிட்டது. எனக்கு அடுத்த நாள் காலையிலும் அதே ஆளுக்குப் பல் தேய்த்துவிட வேண்டியிருந்தது.

பழைய_டாக்கீஸ்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரையோரம்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், அதற்கு அடுத்த வாரம் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்று வைத்திருக்கிறேன். 'அவேக்கனிங்ஸ்' முதலில் நான் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாம் என்று அம்மா சொல்கிறார், சரிதானே?

நடைமேடை:

சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம். அப்பாவுக்கு எந்த மாத்திரைக்கு அப்புறம் உடம்பு இலகுவாக இருக்கிறது என்று பார்த்து அந்த நேரத்தில் போடுங்கள், மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவது அவருக்கு வேதனை. பருப்பு, பால், முட்டை மாதிரிப் புரதம் நிறைய உள்ள சாப்பாட்டோடு லெவோடோபா போட்டால் சிலருக்குச் சரியாக ஏறாது, அதனால் படத்துக்குச் சுண்டல் வேண்டாம், பொரி கொடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி எழுப்பி ஹாலில் ஒரு சுற்று நடக்கவிடுங்கள், இல்லையென்றால் கடைசியில் நாற்காலியில் இருந்து எழவே சிரமப்படுவார். கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்கட்டும், சோபா ஆகாது.

தண்ணீரை மூடி போட்ட டம்ளரில் கொடுங்கள். ஆனால் அவருக்கு மட்டும் இல்லை, அன்றைக்கு வீட்டில் எல்லாரும் அதிலேயே குடியுங்கள்.